காது அடைக்கும் ஊசி

அப்பாவுக்கு வந்திருப்பது இரைப்பைப் புற்றுநோய். அவரிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பேர் தெரிந்தால் ஆள் பாதியாகிவிடுவார் என்றாள் அம்மா, நானும் தலையாட்டினேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மருத்துவமனைப் பலகைகளை நான் படித்து, வேறு ஏதோ சொல்லி, அவரை அழைத்துப்போவேன்.

கட்டியிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். உடம்பில் வளர்ச்சிக் காரணி என்று ஒன்று உண்டு, அது செல்களிடம் வந்து பெருகச் சொல்லும் என்றார். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்கிற இடங்கள் அப்பாவின் கட்டியில் அளவுக்கு மீறி இருந்தன. அதனால்தான் இந்த வேகம்.

"ஒரு விதத்துல நல்லதுப்பா. அந்த இடத்த அடைக்க ஊசி இருக்கு, கீமோவோட சேத்துப் போடலாம். முழுசா போயிடும்னு சொல்லமாட்டேன். ஆனா நடுவுல நிறுத்தக் கூடாது."

திருமுல்லைவாயிலில் ரயிலை விட்டு இறங்கும்வரை அந்த நல்ல சேதியை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அப்பா ஒரு முடிவெடுத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு அல்சருக்கு இன்னாத்துக்குடா இத்தினி ட்ரிப்பு? என்கூட மூட்டை தூக்குறானே, அவனுக்கும் அல்சர்தான். ரெண்டு மாத்திரய முழுங்கிட்டு பிரியாணி துன்னுகினு கீறான். நான் இனிமே வரல."

நாங்கள் சொன்ன பொய்க்கு அவர் பேசியதுதான் நியாயம். அதை வைத்துக்கொண்டு அவரை எப்படி அழைத்துப்போவது?

"உன் புண்ணுக்குக் காது நெறைய மொளைச்சிருக்குப்பா," என்றேன். "வளரு வளருன்னு உடம்பு சொல்றத எல்லாம் அது கேக்குது. இந்த ஊசி அந்தக் காத அடைச்சிடும்."

"பரவால்லயே. உன்ன மாதிரி இல்ல, சொன்ன பேச்ச கேக்குது," என்றார். வர ஒப்புக்கொண்டார்.

ஊசி போடும் நாளன்று பிளாட்பாரத்தில் அப்பாவின் பக்கத்தில் அந்த மூட்டை தூக்கும் மாமா நின்றார். தேய்த்த சட்டை, கையில் மாத்திரை அட்டை.

"இவனுக்கும் காத அடைக்கச் சொல்லு நைனா," என்றார் அப்பா.

"எதுக்கு மாமா, கூட்டமா இருக்கும்."

"லீவு போட்டாச்சுபா," என்றார் மாமா.

மாமாவுக்குப் படிக்கத் தெரியும். ரயிலில் ஒட்டியிருந்த விளம்பரங்களை அப்பாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். மருத்துவமனைப் பலகையையும் இப்படித்தான் வாசிப்பார். இறங்கி ஓடவும் முடியாது, அவரைத் தனியாக இழுத்துப் பேசவும் வழியில்லை. அப்பா அவர் தோளில் கைபோட்டிருந்தார்.

மருத்துவமனையில் பலகைக்கு அடியில் அப்பா நின்றுவிட்டார். "இன்னா எய்திகீது, படி மாமே. இவன் எப்பவும் அவசரத்துல இட்டுனு பூட்றான்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்து நின்றது. என்னைப் பார்த்தார். மாத்திரை அட்டையை மெல்லச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"அல்சர் வார்டுனு போட்டுகீது அண்ணாத்தே. நேரா போவணுமாம்."

"அப்ப உனுக்கும் சீட்டு வாங்கு."

"மொதல்ல உனுக்குப் போடட்டும். எனுக்கு அப்பால பாத்துக்கலாம்."

"ஊசின்னதும் பயந்துட்டான்பா," என்று அப்பா சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அப்பாவுக்கு ஊசி ஏறி முடியும்வரை அதை விடவில்லை.