சாப்பிரா எண்ணெயைக் கருக்கியவன்

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் ஒரே ஓர் அடுப்போடு ஆரம்பித்து ஓட்டல் கட்டினேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஏற்காட்டு எஸ்டேட் கல்யாணங்களுக்கெல்லாம் தலைமைச் சமையல்காரன் ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை.

எண்பதுகளில், கிளியூரில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். குருமா சிவக்க, கடையில் விற்கும் கலர்ப்பொடி போடாமல் சாப்பிரா விதையை எண்ணெயில் போட்டுச் சாயம் இறக்குவது எங்கள் வழக்கம். எப்போதும் அதைச் செய்பவள் என் மனைவி. அன்று மாப்பிள்ளை வீட்டார் வேடிக்கை பார்க்க நின்றதால், கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

"மாமா, எண்ணெ நொம்பக் காயுதுங்க. வெதை பொரியக்கூடாது, செவந்ததும் எறக்கிருங்க" என்றாள்.

"எனக்கே பாடமா? போயி எலையத் தொடச்சு வெய்யி."

கடுகைப்போலப் பொரியட்டும் என்று விட்டேன். எண்ணெய் பழுப்பாகிவிட்டது. ருசிகூடப் பார்க்காமல் குருமா முழுவதிலும் ஊற்றினேன். முதல் பந்தியிலேயே கசப்புத் தாங்காமல் மாப்பிள்ளை வீட்டார் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

ரைட்டர் ஓடி வந்தார். "ஏனுங்க, எம்புள்ள கண்ணாலத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்களே!"

"நானில்லீங்க, இவதான் கருக்கிப்போட்டா" என்று மனைவியைக் காட்டினேன்.

அதன்பிறகு அவள் ஓட்டல் அடுப்படிக்கு வரவே இல்லை. அந்தச் சிவப்பு என் கைக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை, ஓட்டலை மூடினேன். மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்தே வருஷங்கள் ஓடின. அவளும் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த கிளியூர்க்காரர் ஒருவர், "கல்யாணக் குருமாவைக் கெடுத்தாங்களே, அந்தம்மாதானுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அடையாளம் சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது எழுதுகிறேன். கருக்கியது நான். ஊர் சொல்லும் அந்தக் கதையில் அவள் பெயரை எடுத்துவிட்டு, அங்கே என் பெயரைப் போடுங்கள்.