எஃப்.சி.க்குப் போன ரத்தம்

மல்லசமுத்திரத்தில் ஜாக்கெட் தைக்கிற சத்யபிரியாவுக்கு மூன்று முறை உண்டாகி, மூன்றும் கலைந்துபோயிற்று. காரணம் சொல்ல மட்டும் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மெஷின் மிதித்ததால் என்றாள் ஒருத்தி, ஜாதகக் கோளாறு என்றாள் இன்னொருத்தி. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

சேலத்து டாக்டரம்மாதான் ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். உடம்பு தனக்கே எதிராக எதையோ உண்டாக்கி ரத்தத்தை உறைய வைக்கிறதாம். முதல் சோதனையில் அது இருந்தது. ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட அது தலைகாட்டிவிட்டுப் போகுமாம். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போதும் இருந்தால்தான் உறுதி. உறுதியானால் அடுத்த முறை உண்டானதும் ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

பன்னிரண்டு வாரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். லேபில் கோகிலவாணி என்ற பெண் அவள் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே, "அக்கா, ரத்தம் உறையாம இருக்கற மாத்திர ஏதாச்சும் சாப்புடறீங்களா?" என்றாள்.

"ஆமாங்க. டாக்டரம்மா சொன்னாங்கன்னு எங்கூட்டுக்காரர் குடுத்தாருங்க. அஞ்சு நாளாச்சு."

கோகிலவாணி ரப்பரை அவிழ்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த மாத்திரை உள்ளே இருந்தால் முடிவை நம்பமுடியாது, உடனே நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து வரட்டும் என்று சத்தம் போட்டார்.

சத்யபிரியா விடுவிடுவென்று வெளியே வந்தாள். அவள் புருஷன் சபரிநாதன் புளியமரத்தடியில் நின்றிருந்தான்.

"ஏனுங்க, அந்த மாத்திர யாரோடது?"

"அப்பனோடது. வால்வு ஆபரேசனுக்கு அப்பறம் சாப்புடறாரே..."

"எனக்கெதுக்குங்க குடுத்தீங்க?"

"ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி.க்கு உடறதுக்கு முன்னால வண்டிக்கு டிங்கரிங் பாத்து, நல்ல டயரு மாட்டித்தானே புள்ள உடுவோம்? உன்ர ரத்தமும் பாசாயிரட்டும்னுதான். இதும் பெயிலாச்சுன்னா எங்கம்மா சும்மா இருக்குமா?"

இருபது வருஷமாகச் சங்ககிரி லாரிகளோடு குடித்தனம் நடத்திய மூளை வேறு எப்படி ஓடும்!

"உங்களுக்குக் கூறு இருக்குதா? பாசானா ஊசி கெடையாதுங்க! ஊசி இல்லாட்டி நாலாவதும் போயிரும். பெயிலாகோணும், பெயிலாகோணும்னு நான் மாரியாத்தாளக் கும்புட்டுட்டு இருக்கறேன். நீங்க என்னடான்னா..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆளைக் கட்டிக்கொண்டு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

சபரிநாதனுக்கு முகம் செத்துவிட்டது. மெதுவாகக் கேட்டான்.

"அப்ப, முன்னாலயே ஊசி போட்டிருந்தா அந்த மூணும் பொழச்சிருக்குமா புள்ள?"

"அதத்தானுங்க பன்னண்டு வாரமா என்னயே கேட்டுட்டு இருக்கறேன்" என்றாள் சத்யபிரியா. "உங்க புண்ணியத்துல இன்னும் மூணு வாரம் கேக்கோணும்."