சுஹா சொன்ன ஒரே வார்த்தை

கீழக்கரையில் சுலைகாவை யாரும் பொய்க்காரி என்று சொல்லமாட்டார்கள். வாய்தான் கொஞ்சம் துடுக்கு. மீன்காரர் பழைய மீனை நீட்டினால், "இத உங்க வீட்டுல ஆக்குவீங்களா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்தே மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் கட்டின புருஷனிடம்!

அந்த வெள்ளிக்கிழமை இராமநாதபுரத்தில், சிறப்புக் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில், மகள் சுஹாவை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். சுஹாவுக்கு ஏழு வயது. பேச்சு இல்லை, வலிப்பு உண்டு, நடை தள்ளாடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் திரும்புவாள், பல நாள் திரும்பமாட்டாள். போன இடத்திலெல்லாம் ஆளுக்கொன்று சொல்லி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பிள்ளைக்கு என்ன இருக்கிறது, எதிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது என்று முடிவு செய்கிற பரிசோதனை இது. உளவியலாளர் சத்யப்பிரியா மதுரையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். இன்றைக்குத் தப்பினால் ஒரு வருஷம் போச்சு.

சுஹா காலையிலிருந்தே சரியில்லை. மர வளையத்தை அடுக்கச் சொன்னால் வாயில் வைத்தாள். மணியை ஆட்டினால் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சத்யப்பிரியா எழுத எழுத, சுலைகா அந்தத் தாளையே எட்டி எட்டிப் பார்த்தாள். யா அல்லாஹ், எம்புள்ளைய ஒண்ணுக்கும் ஆகாதவன்னு எழுதிறப் போறாங்களே!

"அக்கா, அவங்க அப்பாகிட்டயும் கொஞ்சம் கேக்கணும். போன் போடுறீங்களா?"

புருஷன் வேலை பார்க்கிற தோஹாவில் அன்றைக்கு லீவு நாள். முஸ்அப் உடனே எடுத்துவிட்டான். சுலைகா ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"பேச்சு ஏதாச்சும் உண்டா சார்?"

"ஏன் இல்ல மேடம்? வாராவாரம் ஜும்ஆ தொழுகை முடிச்சு நான் போன் போட்டா, என்னைய வாப்பான்னு தெளிவா கூப்பிடுவா. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு அது ஒண்ணு போதும். ரூம்ல இருக்குற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

சத்யப்பிரியாவின் முகம் மலர்ந்தது. "அட, இத நீங்க சொல்லவே இல்லையே அக்கா! அர்த்தத்தோட ஒரு வார்த்தை வருதுன்னா, அதப் பிடிச்சே அடுத்த வார்த்தைக்குப் போயிரலாம். பேச்சு வராத பிள்ளைங்களுக்குக் குடுக்குற, படத்தத் தொட்டுக் கேக்குற பயிற்சி இப்போதைக்கு வேணாம்."

அந்த வார்த்தையைச் சொன்னது சுஹாவே இல்லை. முஸ்அப் கடைசியாக லீவில் வந்து போனபோது பிள்ளைக்கு நாலு வயது. அடுத்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, "ஒரே ஒரு தடவ என்னையக் கூப்பிடச் சொல்லு புள்ள" என்று அவன் போனிலேயே அழுதுவிட்டான். இவளுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தோளில் சாய்த்து, வீடியோவில் உச்சந்தலை மட்டும் தெரியப் போனைப் பிடித்து, குரலைச் சின்னதாக்கி, "வாப்பா" என்றாள். முகத்தைக் காட்டச் சொன்னபோது, "அவளுக்குக் கூச்சம் மச்சான்" என்று சமாளித்தாள். மறுவாரமும் கேட்டான். அதற்கப்புறம் எங்கே போய் நிறுத்துவது?

போன மாதம் சுஹா சுவரில் தலையை மோதிக்கொண்டே கிடந்தாள். பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் தடவினாள் சுலைகா. கடைசியில் பார்த்தால் வயிற்றுவலி. ஒரு படத்தைத் தொட்டுக் காட்டத் தெரிந்திருந்தால் பிள்ளை அந்தப் பாடு பட்டிருக்குமா? இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், வராத வார்த்தையை வரவழைக்கப் பார்த்தே இன்னொரு வருஷம் போய்விடும். சொன்னால் அங்கே அந்த மனுஷன் என்ன ஆவான்?

"மேடம், அத எழுதாதீங்க."

"ஏன்க்கா?"

சுலைகா போனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "மச்சான், அது அவ இல்ல. நாந்தான். எல்லா வாரமும் நாந்தான் சொன்னேன்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"ஒரு தடவகூடவா அவ கூப்பிடல?"

"இல்ல மச்சான். என்னையத் திட்டிருங்க. போன வச்சிராதீங்க."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. சத்யப்பிரியா குனிந்துகொண்டார்.

"மேடம்," என்றான் முஸ்அப். "பேச்சு இல்லன்னே எழுதுங்க. வலிச்சா வலிக்குதுன்னு காட்டத் தெரியணும் அவளுக்கு. மொதல்ல அதச் சொல்லிக்குடுங்க."

"சரிங்க சார்."

"சுலைகா, வீடியோவப் போடு. எம்மவ மூஞ்சியக் காட்டு. நீ பேசாத."

சுலைகா போனை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சுஹா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.