கார் நிறுத்தும் மேஜை

சாப்பாட்டைப் பற்றி எனக்குச் சில முடிவான கருத்துகள் உண்டு. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். மெனு கார்டை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டே இருப்பவர் கடைசியில் தயிர்சாதம்தான் கேட்பார். காரம் குறைவாக வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்காருகிறவர் இரண்டாவது வாயிலேயே ஊறுகாயைத் தேடுவார். வஞ்சிரம் பெயர் பெற்ற மீன், அவ்வளவுதான். ருசி வேண்டுமென்றால் சங்கரா கேட்க வேண்டும். மதியம் மூன்று மணிக்குமேல் எந்த ஹோட்டலிலும் பொரியலைத் தொடக்கூடாது, அது நான் வேலை பார்க்கிற ஹோட்டலாக இருந்தாலும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஊரப்பாக்கத்தில் ஒரு மெஸ், கேளம்பாக்கத்தில் ஐ.டி. பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் போடுகிற ஒரு கடை, கோவாவில் ஒரு சீசன், மூணாறில் ஒரு மழைக்காலம் என்று சுற்றியாகிவிட்டது. ஓரிடத்தில் கால் தங்காது. போன இடத்திலெல்லாம் வாளியும் கரண்டியும் கைக்கு வந்தன, அதனால் பட்டினி கிடந்ததில்லை. தொழிலையும் கருத்துகளையும் தாய்மாமாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் ஏறக்குறைய எல்லாமே சரி. ஒன்று மட்டும் தவறு. “ஹோட்டல்ல வேல பாக்கறவனுக்கு ஹோட்டல் சோறு எறங்காது” என்பார். அதை நான் வெகுகாலம் நம்பினேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் இருந்தோம். அப்பா அதற்கு முந்தைய வருடம் பழவேற்காட்டுப் பக்கம் வேலைக்குப் போனார். திரும்பி வருவதை மட்டும் மறந்துவிட்டார். அம்மா கரையில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்று வருவாள். அந்தச் சித்திரையில் அவள் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. கால் தலையணை மாதிரி வீங்கி, மீன் கூடை மூலைக்குப் போனது. பள்ளிக்கூடமும் லீவு. லீவு விட்டால் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. எனக்கும் தம்பிக்கும் அது மதியச் சோற்றுக்கு விட்ட லீவு.

மாமா மாமல்லபுரம் போகிற ரோட்டில் புதிதாகத் திறந்த ஹோட்டலில் சர்வர். சேதி கேட்டு ஒரு நாள் பார்சலோடு வந்தார். அம்மா முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை.

“எடுத்துகினு போடா. நான் இன்னா கோயில் வாசல்லயா குந்திகினுகீறேன்?”

“பசங்களுக்குக்கா.”

“பசங்கள நான் பெத்தேன். நான் பாத்துக்கறேன்.”

பிரியாணி வாசனை வீட்டைவிட்டு வெளியே போனதை நானும் தம்பியும் வாசல்வரை போய் வழியனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை. முகத்தில் ஒரு முதலாளித்தனம் இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்க வந்திருப்பதாகச் சொன்னார்.

“இன்னா வேல?” என்றாள் அம்மா. “என்னால நிக்கவே முடியல.”

“நிக்கவே வாணாம். குந்திகினு துன்னணும். அதான் வேல.”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “குடிச்சிருக்கியா?”

மாமா பொறுமையாக விளக்கினார். புது ஹோட்டல். ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் காராகப் போகும். உள்ளே யாரும் இல்லாவிட்டால் ஒரு காரும் நிற்காது. முன்மேஜையில் ஒரு குடும்பம் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், காரில் இருக்கிறவர்களுக்கும் பசிக்கும். “மொதலாளியே சொல்லிட்டாரு. நல்ல குடும்பமா ஒண்ணு புடிச்சிகினு வாடான்னு. நீ வரலைன்னா பக்கத்துக் குப்பத்துல கேக்கறேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. கையில் வந்த வேலையைப் பக்கத்துக் குப்பத்துக்கு விட்டுக்கொடுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டினாள். தம்பிக்குத் தலையில் எண்ணெய் வழிந்தது. மாமாவுக்குத் தெரிந்த ஷேர் ஆட்டோக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஹோட்டல் வாசலில் மாமா எங்களை யாரோ மாதிரி வரவேற்றார். சட்டங்களை முந்தின நாளே சொல்லியிருந்தார். மாமா என்று கூப்பிடக்கூடாது. ரோட்டைப் பார்த்து உட்கார வேண்டும். சிரித்த முகமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெதுவாகச் சாப்பிட வேண்டும். இலை காலியானால் வேலை போச்சு.

“இன்னா இருக்குது?” என்று அம்மா தன் சொந்தத் தம்பியை முறைப்பாகக் கேட்டாள்.

மாமா மூச்சு விடாமல் ஒப்பித்தார். சாப்பாடு, மீன் சாப்பாடு, எறா தொக்கு, நண்டு மசாலா, சிக்கன் பிரியாணி, முட்டை பரோட்டா.

“நண்டு இன்னிக்கி வந்ததா?”

“இப்பதான் கடல்லேர்ந்து நேரா நடந்து வந்துச்சு மேடம்.”

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கால் வீங்கியதிலிருந்து அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். நண்டு வரவில்லை, எங்களுக்கு எப்போதும் சாப்பாடுதான். மூன்று இலை, ஆளுக்கொன்று. மாமா ஒவ்வொன்றாகக் கொண்டுவரும்போது, குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி தொழில் ரகசியங்களையும் பரிமாறினார். அப்பளத்தை முதலிலேயே நொறுக்குகிறவன் அவசரக்காரன். நன்றாக இருக்கிறதா என்று ஒரு சர்வர் வாயால் கேட்கக்கூடாது, இலையைப் பார்த்தாலே தெரியும். ரசம் போடும்வரை யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

ரசம் வந்ததும் அம்மா உண்மை பேசினாள். “சாம்பார்ல பருப்பு குளிச்சிட்டு ஏறிப்போயிருக்குது.”

“மாஸ்டருக்குச் சொல்லிடறேன் மேடம்.”

நாங்கள் மோருக்கு வந்தபோது ஒரு வெள்ளைக் கார் வேகம் குறைந்து, உள்ளே பார்த்து, நின்றது. கதவு திறந்து குடும்பமே இறங்கியது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் வேலை பலித்ததைக் கண்ணால் பார்த்தேன். தம்பி காரை நோக்கிக் கையசைத்தான்; அவனைக் கிள்ளினேன்.

அடுத்த ஞாயிறு போனபோது முன்மேஜைகள் எல்லாம் நிறைந்திருந்தன. மாமா எங்களை உள்ளே, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் இருந்த மேஜையில் உட்கார வைத்தார். எங்களுக்கு மேலே தனி ஃபேன். வேலை நன்றாகச் செய்ததால் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்று தம்பிக்கு விளக்கினேன். தூணைப் பார்த்துச் சிரித்த முகமாக மெதுவாகச் சாப்பிட்டோம். அதற்கடுத்த ஞாயிறும் அதே மேஜைதான். அம்மா ஏதும் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து சமையல்கட்டு வாசல்தான் தெரியும்.

நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து இன்னொன்று தெரிந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் ஓரமாக மாமாவும், சமையல் மாஸ்டரும், பரோட்டா மாஸ்டரும் நின்றுகொண்டு டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். இவ்வளவு சோறு இருக்க ஏன் பன் என்று மாமாவைக் கேட்டேன். அப்போதுதான் அந்தக் கருத்தைச் சொன்னார். காலையிலிருந்து அதே வாசனையில் நிற்கிறவனுக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்காதாம். பன்னும் டீயும்தான் தொழில்காரன் சாப்பாடாம். பெரிய மனிதர்களின் ருசி அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு வந்தபோது வீட்டு நிலைமை சுமாராக இருந்தது. முந்தின நாள் காலையில் கஞ்சி, பிறகு தண்ணீர். அதனால் இலையில் சோறு விழுந்ததும் என் கை சட்டத்தை மறந்துவிட்டது. அம்மா சாம்பாரில் இருக்கும்போதே நான் மோரை முடித்து, பளபளவென்று இருந்த இலையை மூடிவிட்டு, கை கழுவ எழுந்தேன்.

குழாயடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சர்வர்கள் எல்லோரும் அவரைக் கண்டதும் ஒதுங்கியதிலிருந்து அவர்தான் முதலாளி என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செங்கல்பட்டில் இருக்கிற இன்னொரு கடைக்குப் போய்விடுவார் என்பதும், அன்று ஏனோ போகவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. எங்களை வேலைக்கு வைத்த மனிதரை முதல்முறையாகப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

“சாப்ட்டியா பாப்பா? எப்டிகீது சாப்பாடு?”

“நல்லாகீது சார். இன்னிக்கி மூணு காரு நின்னுச்சு.”

“இன்னாது?”

“நாங்கதான் சார் உங்க கார் நிறுத்தறவங்க. அதோ, எங்க மேஜ.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்தார். மேஜையைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். தூணைச் சுற்றிக் கழுத்தை நீட்டி ரோடு இருக்கிற திசையைப் பார்த்தார். ரோடு தெரியவில்லை.

“இங்கேர்ந்தா நிறுத்தறீங்க?”

அம்மாவின் கை இலையில் நின்றது. மாமா தண்ணீர் ஜக்கோடு ஓடி வந்தார். வேகமாகவும் தாழ்ந்த குரலிலும் பேசினார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

“சார், கடைக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. அது கடைல எங்களுக்குப் போடற சோறு சார். என்து ஒண்ணு, மாஸ்டர்து ஒண்ணு, பரோட்டா மாஸ்டர்து ஒண்ணு. மூணே எல.”

“அப்ப நீங்க மூணு பேரும்?”

“பன்னு சார்.”

முதலாளி காதைச் சொறிந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவிடம், “நீ சாப்புடும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

அம்மா சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல், ரசம் கேட்டு வாங்கி, மோர் கேட்டு வாங்கி, தலை நிமிராமல் சாப்பிட்டாள். இலையைத் தன் பக்கமாக மடித்தாள். தம்பியின் வாயைத் துடைத்தாள். வலிக்கிற காலைக் கீழே அழுத்தி வைத்து, நொண்டாமல் வாசல்வரை நடந்தாள். மாமா ஜக்கை இன்னும் கையில் பிடித்தபடியே கூட வந்தார்.

“யக்கா. அடுத்த ஞாயித்துக்கெயம...”

“மொதல்ல நீ போயி சோறு துன்னுடா.”

அதோடு சரி. அடுத்த வாரம் வீக்கம் முழுதாக வடியும் முன்பே அம்மா கூடையை மூலையிலிருந்து எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் நல்ல பாவாடையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஆட்டோ வரவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, “வேல முடிஞ்சிபோச்சு” என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். இலை காலியானால் வேலை போச்சு என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலாளி என் இலையைப் பார்த்திருப்பார். தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. கிடைத்த கஞ்சியை, மறுபடி கூப்பிட்டால் தயாராக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு வாயாக நிறுத்தி நிறுத்திக் குடித்துப் பழகினேன். தூண் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

கூடை ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா விற்காமல் நிறுத்திவைத்த சங்கராவில் குழம்பு வைத்தாள். ஒரு தூக்கில் சோறு, ஒரு தூக்கில் குழம்பு. என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். “மாமாகிட்ட குடு. குடுத்துட்டு வந்துடாத. அவன் துன்னு முடிக்கிற வரைக்கும் கூடவே நில்லு.”

மதியக் கூட்டம் வடிந்திருந்தது. மாமா தண்ணீர் டிரம் ஓரமாக உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். வாசனை பார்த்தார். கருத்து எதுவும் சொல்லவில்லை. அதன்பின் அவர் சாப்பிட்டது மாதிரி ஒரு மனிதர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மீனை முள்ளோடு வாயில் போட்டு முள்ளை மட்டும் வெளியே எடுத்தார். சோற்றைப் பிசைவதற்கும் விழுங்குவதற்கும் நடுவே மெல்லுகிற வேலையே இல்லை.

வீட்டுச் சோறு என்பதால் தொண்டையில் இறங்குகிறது என்று புரிந்துகொண்டேன். ஆனால் அவர் வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை சட்டம் பேசிய மனிதர். சுற்றிலும் பார்த்து, முதலாளி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் காதருகே குனிந்தேன்.

“மெதுவா துன்னு மாமா. இப்டி துன்னா உன்னயும் வேலய வுட்டு எடுத்துடுவாங்க.”

மாமாவின் கை தூக்குக்குள் நின்றது. பிறகு முதுகை நிமிர்த்தி, முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு, ரோடு இருக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் முடிக்கிறவரை அருகிலேயே நின்றேன். சொன்னால் கேட்டுக்கொள்கிறார், கற்றுக்கொண்டுவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.