மாடி அண்ணன் சொல்லிவிட்டார்

கம்பெனி கைமாறிய அன்று அதன் உதவிப் பிரிவில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து மிச்சம் ஒருவர். எல்லோருக்கும் அவர் டிக்கெட் அக்கா. அந்தத் தொழிலில் ஒவ்வொரு புகாரையும் டிக்கெட் என்பார்கள். அவர் அளவுக்கு டிக்கெட் முடித்துவைத்தவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

கம்பெனி விற்பது ஒரே ஒரு மென்பொருள். குளிர்பதனக் கிடங்குகளில் எந்த அறையில் என்ன சரக்கு, எத்தனை டிகிரி, எப்போது அலாரம் அடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். பார்வைக்கு லட்சணமாக இருக்காது. ஆனால் ஒருமுறை கிடங்குக்குள் நுழைந்துவிட்டால் அதைப் பிடுங்கி எறிய எந்த முதலாளிக்கும் தைரியம் வராது. வருடா வருடம் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். அந்த ருசிக்குத்தான் முதலீட்டு நிறுவனம் வந்தது. பலர் பணத்தைத் திரட்டி, இப்படிப்பட்ட பழைய கம்பெனிகளை வாங்கி, செலவைச் சுருக்கி, சில வருடங்களில் நல்ல விலைக்குத் தள்ளிவிடுவது அவர்கள் தொழில். செலவு என்று அவர்கள் கண்ணில் முதலில் பட்டது உதவிப் பிரிவு.

போனவர்களின் இடத்துக்கு ஏஐ வந்தது. பல வருடப் போன் பேச்சுப் பதிவுகளை அதற்கு ஊட்டினார்கள். அதற்கு ஒரு குரலும் வேண்டுமே? பதிவுகளில் அதிகம் பேசியிருந்தவரின் குரலையே கொடுத்தார்கள். சம்மதமா என்று கேட்டபோது அக்கா தலையாட்டினார். கணவரின் மூக்குக் கண்ணாடிக் கடை மூடிய சமயம் அது. மகள் பள்ளியில் கடைசி வருடம். வேலை போனால் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

அறையில் நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. ஆளில்லாத மேசைகளில் திரைகள் எரிகின்றன. அழைப்பு வந்தால் ஒரு திரை பச்சையாகும், முடிந்தால் சாம்பலாகும். சத்தமே கிடையாது. ஹெட்போனை மாட்டினால்தான் தெரியும், ஒரே நேரத்தில் முப்பது அக்காக்கள் பேசிக்கொண்டிருப்பது. நடுவில் உட்கார்ந்து ஏதாவது ஓர் அழைப்பை ஒட்டுக் கேட்பது, தேவைப்பட்டால் குறுக்கே புகுவது: இதுதான் அசல் அக்காவுக்கு மிச்சமிருந்த வேலை.

மாடி அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிடங்கு மேலாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த ஆள் கேட்கிற நிலையில் இல்லை. "ஒரு நிமிஷம் சார், மாடியில எங்க அண்ணன் இருக்கார், கேட்டுட்டு வந்துடறேன்" என்றார். தண்ணீர் குடித்தார், தம்ளரை மேசையில் வைத்தார், திரும்ப வந்தார். "அண்ணன் இப்படிச் செய்யச் சொல்றார் சார்." தான் சொன்னால் எடுபடாத அதே பதில் அண்ணன் பெயரில் உடனே எடுபட்டது. மேலே இருப்பது தண்ணீர்த் தொட்டியும் ஏசி இயந்திரங்களும் மட்டும்தான். அதற்கென்ன? பிரிவு முழுவதற்கும் அந்த வழக்கம் தொற்றிக்கொண்டது. புதிதாகச் சேருபவர்களுக்கு இரண்டாம் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஏஐயும் கற்றுக்கொண்டது.

சிக்கலான கேள்வி வந்தால் "மாடி அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரேன் சார்" என்றது. அரை நொடியில் பதில் சொல்லக்கூடிய இயந்திரம், ஒரு மனுஷி தண்ணீர் குடிக்கும் நேரம் மௌனமாக இருந்தது. பிறகு மேசையில் தம்ளர் வைக்கும் சத்தம். அதை முதல்முறை கேட்டபோது அக்கா தன் மேசையைத்தான் பார்த்தார். அங்கே தம்ளர் இல்லை.

நாளாக ஆக, யாரும் சொல்லிக்கொடுக்காததெல்லாம் வந்தது. "அண்ணனுக்கு இன்னைக்கு இருமல், மெதுவாத்தான் பேசறார்." "அண்ணன் உங்க மேல கோவமா இருக்கார் சார், போன வாரமே சொன்னாராமே?" வாடிக்கையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் முதலீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். அலுவலகத்தில் அவருக்கு ஃபண்டுக்காரர் என்று பெயர். கம்பெனியை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது.

"மேடம், யாருங்க இந்த மாடி அண்ணன்? கஷ்டமான முடிவு எல்லாம் அவர்கிட்டதான் போகுது. சம்பளப் பட்டியல்ல ஆளையே காணோம்."

"அவர்... பழைய ஆள் சார். யார்கிட்டயும் நேரா பேச மாட்டார்."

"வாங்கப்போறவங்களுக்கு அவர்தான் பயம். நாளைக்கே கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டா? உங்க மூலமாத்தான் அவரைப் பிடிக்க முடியும்போல. அவர் இருக்கிறவரைக்கும் நீங்களும் இருங்க. உங்க பேரை எடுத்துடலாம்னு இருந்தாங்க, நான் நிறுத்தி வைக்கறேன்."

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாடியே இல்லாத ஆபீசுக்கு அண்ணன் ஒரு கேடா? இல்லாத ஆளுக்கு நீ செக்ரட்டரி!"

"சிரிங்க, சிரிங்க. அந்த இல்லாத ஆள்தான் இந்த வீட்டுக்குச் சோறு போடறார்."



இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம். மருந்துகள் வைத்திருக்கும் கிடங்கிலிருந்து சூப்பர்வைசர் அழைத்திருந்தார். பல வருடப் பழக்கம். தடுப்பூசி அறையில் அலாரம் நிற்காமல் அடிக்கிறது, ஏற்கெனவே இரண்டு தடவை பொய் அலாரம், அணைத்துவிடலாமா என்று கேட்டார். அக்கா ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மௌனம். தம்ளர் சத்தம். பிறகு அவருடைய குரலே சொன்னது: "அணைச்சிடலாம்னு அண்ணன் சொல்றார் சார்."

அக்கா குறுக்கே புகுந்தார். "சார், அணைக்காதீங்க! உள்ளே போய்ப் பாருங்க முதல்ல!"

"யாரும்மா அது? ஒரே குரல்ல ரெண்டு பேர் பேசறீங்க?"

"நான்தான் சார் அக்கா. இவ்வளவு நேரம் பேசினது மெஷின். அண்ணன்னு யாருமே கிடையாது சார்."

"என்னம்மா விளையாடறியா? அவரைக் கேட்டுத்தானே இத்தனை வருஷமா இந்தக் கிடங்கை ஓட்டறேன்!"

அப்போது மற்றக் குரல் நிதானமாக நுழைந்தது. "மன்னிச்சுக்குங்க சார். அவங்க புதுசு."

யாராவது இளையவர் சொதப்பினால், வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த அக்கா வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அது. அதே இழுப்பு, கடைசியில் அதே மெல்லிய சிரிப்பு. சூப்பர்வைசர் "அதானே" என்றார். அவர் கை அலாரம் பொத்தானை நோக்கிப் போவது தெரிந்தது போலிருந்தது.

உண்மை எடுபடவில்லை. அக்கா பழைய வழிக்கே திரும்பினார்.

"சார், நான் இப்போதான் மாடியிலேர்ந்து இறங்கி வரேன். அண்ணன் மனசு மாத்திக்கிட்டார். அணைக்கவே கூடாதாம். உடனே உள்ளே போய்ப் பார்க்கச் சொல்றார்."

"அப்படிச் சொல்லுங்க! இதோ போறேன்."

மற்றக் குரல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இணைப்பை விட்டும் போகவில்லை. சூப்பர்வைசர் திரும்பும்வரை இரண்டு பேரும் அந்த மௌனத்தில் காத்திருந்தார்கள். அறையின் பின்கதவு சரியாகச் சாத்தாமல் வெப்பம் ஏறிக்கொண்டிருந்ததாம். கெட்டுப்போகும் முன் பிடித்துவிட்டார்கள். "அண்ணனுக்கு ரொம்ப நன்றி சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் போனை வைத்தார்.

அன்று சாயங்காலமே அக்கா ஃபண்டுக்காரரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். சொன்னால் வேலை போகும் என்று தெரியும். நாளைக்கு எந்தக் கிடங்கில் எந்த அலாரத்தை அண்ணன் அணைக்கச் சொல்வார் என்பது தெரியாதே.

கேட்டு முடித்ததும் ஃபண்டுக்காரரின் முகம் மலர்ந்தது.

"அப்போ அவர் ரிட்டையர் ஆக மாட்டார்."

"சார்?"

"சம்பளம் ஏத்தச் சொல்லிக் கேட்க மாட்டார். போட்டிக் கம்பெனிக்கு ஓட மாட்டார். மேடம், அவர் மனுஷனா இருந்ததுதான் இந்த டீல்ல பிரச்சினையே!"

"அந்த அலாரம், சார்?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. அவர் சொல்றதை நீங்க கூட இருந்து பார்த்துக்குங்க. அவர் இருக்கிறவரைக்கும் நீங்களும்னு சொன்னேன் இல்லையா?"

வாங்க வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. மாடி அண்ணன் என்பது ஒரு மென்பொருள் என்றே சொன்னார்கள். விலை ஏறியது. அண்ணனுக்குத் தனியாக ஓர் ஆண் குரல் தயாரித்தார்கள். அதில் லேசான இருமல் உண்டு. அலாரங்களை அணைக்கும் அதிகாரத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. கீழே கையெழுத்து இடத்தில் அண்ணனின் பெயர்.

புதிய அமைப்பில் உதவிப் பிரிவின் தலைவர் மாடி அண்ணன். அவருக்குக் கீழே ஒரே ஊழியர், டிக்கெட் அக்கா. மகளைக் கல்லூரியில் சேர்க்க அக்கா ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறார். அண்ணன் திங்கட்கிழமை முடிவு சொல்வார்.