நாலாவது தடவை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பருத்திக்கும் உளுந்துக்கும் களையெடுத்த கையால் வளர்த்தேன். அதில் ஒன்றுகூட இன்னொரு வீட்டு வாசலில் போய் ஒரு கரண்டி எண்ணெய் கேட்டு நின்றதில்லை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். இதற்கே நான்கு நாளாகிவிட்டது.

என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யார் எதை நீட்டினாலும் என் வாய் முதலில் "வேண்டாம்" என்றுதான் சொல்லும். என் அம்மா பழக்கியது. அடுத்த வீட்டில் பலகாரம் கொடுத்தால் உடனே கையை நீட்டக் கூடாது. மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லி, நாலாவது தடவை கேட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காணாததைக் கண்ட பிள்ளை என்பார்கள். கொடுக்கிறவர்களுக்கும் இந்த முறை தெரியும், விடாமல் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் கடம்பூர் போளி வாங்கி வந்தால் நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பார்.

மூன்றாவது மகளைப் புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தேன். மருமகனுக்கு லாரி ஓட்டம், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவள் அங்கே ஒரு தையல் கம்பெனியில் பாவாடை தைத்தாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில், மழை விட்ட மறுநாள், நான் உளுந்துக் காட்டில் நிற்கும்போது போன் செய்தாள். கரிசல் மண் காலை விடாமல் அப்பிக்கொண்டிருந்தது. ஒரு கையில் களைக்கொத்தி, ஒரு கையில் போன்.

"எம்மா, ஒரு பத்து நாளு இங்கன வந்து இரேன்."

"நான் எதுக்குட்டி அங்கன? வேண்டாம்."

"சும்மாதான்மா. எனக்கும் பேச்சுத் தொணையா இருக்கும்."

"மக வீட்டுச் சோத்துக்கு வந்து உக்காந்துட்டான்னு ஊரு பேசவா? வேண்டாம்ட்டி."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. வாம்மா."

"காடெல்லாம் களையா கெடக்கு, இவ வேற. போனை வை."

அவள் வைப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருப்பாள். எனக்குத் தெரியும், நான் வளர்த்த பிள்ளை.

அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்திருக்கிறார்கள். எங்கள் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. தை பிறந்த பிறகுதான் போய்ப் படுத்தாள். வீடு திரும்பவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பெண் ஒருத்தி, அவளோடு பக்கத்து மெஷினில் தைத்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா வந்துரட்டும், வீட்டையும் பிள்ளையையும் பாத்துக்கிடுவா, பெறவு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு தள்ளிக்கிட்டே இருந்தா பெரியம்மா."

அவள் எனக்கு என்னமோ கொடுக்கிறாள் என்று நினைத்து நான் வேண்டாம் என்றிருக்கிறேன். அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். யாரிடமும் எதையும் கேட்காத பிள்ளைகள் என்று இத்தனை வருடம் நான் பீற்றிக்கொண்டது இதைத்தான்.

இப்போது இந்த வாயை மாற்றப் பார்க்கிறேன். யாராவது எதையாவது சொன்னால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை எச்சிலை விழுங்குகிறேன். அந்த நேரத்தில் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். முன்பு பார்த்ததே இல்லை. பாதி நாள் மறந்துபோகிறது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி மொச்சைக் குழம்பு கொண்டுவந்தாள். விழுங்கிவிட்டு, "சரி, கொண்டா" என்றேன். மருமகள் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தே, மேலுக்கு முடியலையா? ஒரே வாட்டியில வாங்கிட்டிய!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். இவ்வளவு லேசான காரியமா இது?

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். செத்துப்போன மகளின் மகள் இப்போது என்னோடு இருந்து கோவில்பட்டியில் காலேஜுக்குப் போகிறாள். வந்த புதிதில் ஒரு நாள் கேட்டாள்: "அம்மா ஒன்னையக் கூப்பிடவே இல்லையா ஆச்சி?"

"இல்லட்டி" என்றேன். அதுவும் இந்த வாய் முந்திக்கொண்டு சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு திருத்திச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் நாள் இருந்தது. சொல்லவில்லை. முதல் வருடத் திதிக்கு அம்மா படத்துக்குப் பூப்போடச் சொன்னபோது அந்தப் பிள்ளை மாட்டேன் என்றது. "நம்ம யாரையும் அவ ஒரு மனுசியா மதிக்கலையே ஆச்சி. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நீ போயிருக்க மாட்டியா?" என்று கேட்டது. தப்பு முழுவதையும் செத்தவள் தலையில் போட்டுவிட்டு, நான் பக்கத்தில் நின்று சூடத்தைப் பொருத்தினேன்.

ஏட்டி, அந்தப் புத்தகத்தை மூடி வச்சிட்டு இங்கன வா. என் எழுத்து கோணலா இருந்தாலும் ஒனக்குப் புரியும். சத்தமா வாசி. போன் பேசுன எடம் வந்தா நிறுத்திராத. ஒங்கம்மா சொன்னதை ஒன் வாயால எனக்கு ஒருக்கா கேக்கணும்.