வா என்றால் வராத நாய்

அந்த மணலைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விடலாம் என்றேன். காரைக்கால்மேட்டைத் தாண்டி, ஆறு கடலில் சேருகிற இடம். கண்ணுக்கு எட்டின மட்டும் மணலும் முள்செடியும்தான்.

எழுபதுகளின் கடைசி அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது துணிக்கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆப்பிரிக்காவில் பாலைவனத்தில் இதற்குள்தான் படுப்பார்களாம். கோவில்பத்தில் வீடு வாசல் இருக்க, மணலில் போய்ப் படுக்க நமக்கென்ன தலையெழுத்து? சொன்னால் கேட்கிற ஆளா அவர்! ஆறு வயது மகளையும், தன் அப்பாவின் நாயையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் மாமனாரும் பழைய சொல்தா. பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வளர்த்த நாய்க்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். 'கூஷே' என்றால் படுத்துவிடும். அப்புறம் இடியே விழுந்தாலும், அவர் பாஷையில் கூப்பிட்டால்தான் எழுந்திருக்கும். "துரை வந்துட்டாரு, சோறு போடுங்க" என்று நான் நக்கலடிப்பேன்.

பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு மீன்காரம்மா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூடாரம் அடிக்கிறதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே வந்து கயிற்றை இழுத்துக் கட்டி, மத்தியானத்துக்கு மீன்குழம்பும் கொடுத்தாள். "பயப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல" என்றாள். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவர் ரொட்டி வாங்க சைக்கிளில் டவுனுக்குப் போனார். காற்று கிளம்பி மணலை வாரி அடித்தது. கூடாரத் துணியைப் பிடித்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், மகளையும் காணோம், நாயையும் காணோம்.

ஐயோ! கத்திக்கொண்டே ஓடினேன். மீன்காரம்மா கருவாட்டைப் போட்டது போட்டபடி விட்டு என் பின்னாலேயே ஓடிவந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். ஆற்றுவாயின் நடுவில் ஒரு மணல்திட்டு. அதன் மேல் நாய் படுத்துக் கிடந்தது. என் மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கணுக்கால் நனைய அவள் நடந்துபோன வழியெல்லாம் இப்போது தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"கடத்தண்ணி ஏறுதுக்கா! திட்டு முழுகிடும்!" என்று மீன்காரம்மா ஆற்றில் இறங்கினாள். பாதி தூரத்திலேயே மார்பளவு வந்துவிட்டது. அதற்கு மேல் இழுப்பு, அவளாலும் முடியவில்லை. "நாயைக் கூப்பிடுங்க! அது நீந்தும், புள்ள அதைப் பிடிச்சுக்கிட்டு வந்துரும்!"

கூப்பிட்டேன். வா, வாடா, ஓடியா, என் ராசா வாடா! அது காதை மட்டும் ஆட்டியது. பாவி நாய்! மகளிடம் நாயை விட்டுவிட்டு வரச் சொன்னால் தலையை ஆட்டி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அலை வந்து அவள் பாவாடையை நனைத்தது. மாமனார் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு 'வா' என்று பிரெஞ்சில் தினமும் கூப்பிடுகிற வார்த்தை எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து நாக்கில் வர மாட்டேன் என்கிறது. தெய்வமே, நான் கிண்டல் பண்ணின வார்த்தை, எங்கே போய்த் தொலைந்தது?

"வியாங்!"

எப்படி வந்ததென்று தெரியவில்லை. "வியாங்! வியாங்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நாய் விசுக்கென்று எழுந்தது. "அதோட கழுத்து வாரைப் பிடிச்சுக்க, விடாதே!" என்று மகளிடம் அலறினேன். இரண்டும் தண்ணீரில் விழுந்தன. ஒரு கணம் அவள் தலை தெரியவில்லை. பிறகு மீன்காரம்மா எட்டி அவள் முடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். நாயும் நீந்திக் கரையேறியது.

கரையில் அவளை மடியில் போட்டு முதுகில் நாலு வைத்தேன், பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். "அது மேல ஏன்டி அப்படித் தொங்கிக்கிட்டிருந்தே? தண்ணி ஏறுறது தெரியலையா?"

"தெரிஞ்சிச்சும்மா. தாத்தா மாதிரி கூஷேன்னு நான்தான் படுக்க வச்சேன். அப்புறம் வா வான்னு எவ்வளவோ கூப்பிட்டேன், வரல. அதை மட்டும் தனியா விட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது?"

நான் அவள் பாவாடையைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.